மைக்செட்டு வண்டியின் மூச்சுக்குழாய்

வண்டிக்குச் செய்வதையெல்லாம் தன் உடம்பிலும் செய்து பார்க்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நைனார்பாளையத்தில் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் மைக்செட்டு.

தன் பிக்கப்புக்குப் புது ஹாரன் வாங்கினால், அதன் வாயில் காதை வைத்துக்கொண்டு அடிக்கச் சொல்வார். "நல்லா கேக்குது!" என்பார். அதற்குப் பிறகு நாம் பேசுவது எதுவும் அவருக்குக் கேட்காது. பின்சக்கரத்துக்குப் புது ஸ்பிரிங் பட்டை போட்ட அன்று, ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பதில் தானே பின்னால் உட்கார்ந்து சின்னசேலம் போய்வந்தார். ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

அந்தப் பிக்கப் எங்கள் எல்லாரையும்விட மூத்தது. அதன் பெட்ரோல் இஞ்சின் ஒருநாள் நிரந்தரமாகப் படுத்துவிட்டது. மைக்செட்டு ஒரு பழைய ஜீப்பின் டீசல் இஞ்சினை வாங்கிவந்து தானே பொருத்தினார். பக்கத்து வீட்டு வாத்தியாரான நான் இஞ்சினைத் தூக்கும் சங்கிலியைப் பிடித்தேன்.

இஞ்சின் ஓடியது. ஒரு குழாய்தான் அநாதையாக நின்றது. இஞ்சினுக்குள் சேரும் காற்றும் புகையும் வெளியேறும் மூச்சுக்குழாய் அது. பழைய இஞ்சினில் அதை ஏர் ஃபில்டரோடு இணைத்திருந்த ரப்பர் ஓஸ் இதற்கு எட்டவில்லை. திறந்தே விட்டுவிட்டார். எண்ணெய்ப் புகை தரை ஓட்டை வழியாக உள்ளே வந்து, அவர் மனைவி செல்வியின் பட்டுப்புடவையில் படிந்தது.

"இன்னாய்யா, என்னைய பஜ்ஜி போடறியா?" என்றார் செல்வி.

மைக்செட்டு ஒரு மரக்கட்டையைச் சீவி, குழாயில் வைத்து அடித்து அடைத்தார். புகை நின்றது. இந்த ஒன்றை மட்டும் அவர் தன் உடம்பில் சோதித்துப் பார்க்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் கல்வராயன் மலையில் ஒரு கல்யாணம். பெண்ணே இறங்கிவந்து செட்டு பேசியிருந்தாள். "எங்க அக்கா கல்யாணத்துக்குப் பேசின செட்டு வரவே இல்லீங்க. எல்லாரும் ஊமையா ஒக்காந்திருந்தாங்க. பாட்டு கேக்காம நான் கழுத்த நீட்டமாட்டேன்."

"நான் வரேம்மா" என்று நெஞ்சில் கைவைத்தார் மைக்செட்டு.

கல்யாணத்தன்று விடியற்காலை மைக்செட்டு, செல்வி, நான் மூவரும் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது, ஒரு வளைவில் 'டப்' என்று சத்தம். பானட்டைத் திறந்தால், ஆயில் அளவு பார்க்கும் கம்பி எகிறி வெளியே கிடக்கிறது. இஞ்சினின் எல்லா இடுக்கிலும் எண்ணெய் வழிகிறது.

"போச்சு, இஞ்சின் செத்துப்போச்சு!" என்று தலையில் கைவைத்தார் மைக்செட்டு.

செல்வி அந்த மரக்கட்டையைக் காட்டினார். "வாயையும் மூக்கையும் மூடிக்கினு நீ இந்த மேட்ட ஏறிப் பாரு. அப்ப தெரியும்."

அவர் நிஜமாகவே மூடிக்கொண்டு ஓடினார். கொஞ்ச தூரத்திலேயே கண் பிதுங்கி, 'புஸ்' என்று மூச்சை விட்டு, ரோட்டில் உட்கார்ந்தார். "பாவம் வாத்தியாரே! அதுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்!"

கட்டையைப் பிடுங்கினோம். ஜெனரேட்டருக்காக எடுத்துவந்த ஆயிலை இஞ்சினில் ஊற்றினோம். அவ்வழியே வந்த மலைக்காரர் ஒருவர் தன் மருந்தடிக்கும் மெஷினிலிருந்து ஓஸைக் கழற்றித் தந்தார். அதைக் குழாயில் மாட்டி, வண்டிக்கு அடியில் இழுத்து, நுனியில் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிட்டோம்.

"கேனுக்கும் ஓட்ட போடுங்க வாத்தியாரே. மறுபடியும் அடச்சி வெச்சிடப் போறாரு" என்றார் செல்வி.

முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. மைக்செட்டு ஜெனரேட்டரை ஓடவிட்டு, குழாய் ஸ்பீக்கரை மலையைப் பார்த்துத் திருப்பினார்.

"ஹலோ, ஹலோ! கல்யாணப் பொண்ணே, கேக்குதாம்மா? மைக்செட்டு வந்துக்கினே இருக்கேன்! வண்டிதான் கொஞ்சம் மூச்சு வாங்குது!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து, மேலிருந்து ஒரு விசில் வந்தது. அப்புறம் பத்து விசில்.

வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டே ஏறினோம். பெண் மணவறையில் இல்லை, மாலையோடு வாசலில் நின்று, "பாட்டு வந்துக்கினு இருக்குது, கேக்கலியா?" என்று பெரியவர்களை மடக்கிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் எண்ணெயாக இறங்கிய மைக்செட்டைப் பார்த்ததும் அவள் சிரித்த சிரிப்புக்கு அவர் தனியாக ஒரு மைக் வைத்திருக்கலாம்.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். கள்ளக்குறிச்சியில் பெரிய செட்டாகப் பேசலாம் என்கிறார்கள் வீட்டில். பேசட்டும். நான் முதல் பத்திரிகையை மைக்செட்டுக்கும் செல்விக்கும்தான் வைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும், எனக்குக் கல்யாணம் களைகட்டிவிடும்.