வெங்கடம்மாவின் கஷாயம்

கையில் கஷாயச் சொம்போடு காத்தவராயன் புழக்கடையில் நின்று, இன்றைக்கு இதை எந்தச் செடிக்கு ஊற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். குடிப்பதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. அந்த யோசனையை அவன் கைவிட்டு மாதக்கணக்காகிறது.

வீட்டுக்குள்ளே வெங்கடம்மா பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. அது கேட்கிறவரைக்கும் பயமில்லை. சுரைக்கொடியின் அடியில் சொம்பைக் கவிழ்த்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கசந்தவன் மாதிரி முகத்தையும் சுளித்துக்கொண்டு உள்ளே போனான். சுளிப்பது இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

"குடிச்சிட்டீங்களா?"

"சொட்டு இல்லாம."

வெங்கடம்மாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்த்ததும் காத்தவராயனுக்கு வழக்கம்போல் நெஞ்சில் சுருக்கென்றது.

காத்தவராயன் ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவன். போன மழைக்காலத்தில் அந்தப் பாறைத் தூசி நெஞ்சில் இறங்கி அவனுக்கு ஓர் இருமல் பிடித்தது. சுரங்க ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் எல்லாம் மூங்கில் தட்டி. ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து 'நூறு' என்று வாழ்த்துவார்கள். அப்படி இருக்க, காத்தவராயன் இரும ஆரம்பித்தால் லைன் முழுக்க எழுந்து உட்கார்ந்துவிடும்.

வெங்கடம்மா சும்மா இருக்கிறவள் இல்லை. பேத்தமங்களா ஏரிக்கரை வரைக்கும் நடந்துபோய்ச் செடியும் கொடியும் வேரும் கிழங்குமாகத் தலைச்சுமை கட்டிக்கொண்டு வந்தாள். தட்டியில் தூதுவளை ஏறிற்று. காலியான டைனமைட் பெட்டியில் கரிசலாங்கண்ணி. உடைந்த பானையில் கற்பூரவள்ளி. நடுவில் முருங்கை, கூரைமேல் சுரை. ஆறடிப் புழக்கடையில் கால் வைக்க இடமில்லாமல் செய்துவிட்டாள்.

செடி வந்தால் தண்ணீர் வேண்டும். பேத்தமங்களாத் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த புதுசு அது. குழாயடியில் கூட்டமும் சண்டையும் தான் அதிகம், தண்ணீர் கொஞ்சம். இடுப்பொடியக் குடம் சுமந்து வந்த வெங்கடம்மா, பாத்திரம் கழுவிய தண்ணீரையாவது எடுத்துச் செடிக்கு ஊற்றக் கூடாதா என்று புருஷனைக் கேட்டாள். காத்தவராயன் ஒரே போடாகப் போட்டான்.

"நாளெல்லாம் பூமிக்குள்ள பூந்து குடையறேன். ஊட்டுக்கு வந்தும் மண்ணுக்கே ஊழியம் பண்ணணுமா? நம்மால ஆவாது."

அவள் கெஞ்சிப் பார்த்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தாள். பிறகு ஒருநாள் கேட்பதையே விட்டுவிட்டாள். பெண்டாட்டி வாயை அடைத்துவிட்டோம் என்று காத்தவராயன் ஷிப்டு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான். பாவம், கல்யாணமாகி இரண்டு வருஷம் கூட ஆகாதவன். அவனுக்கு என்ன தெரியும்?

கஷாயம் வந்தது, அவள் கேட்பதை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தான். முதல் நாள் ஒரு டம்ளர், சுடச்சுட. ஒரு வாய் குடித்தான். கசப்பு உச்சந்தலை வரைக்கும் ஏறி, காது அடைத்து, கண்ணில் நீராக வந்தது. அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து மீதியைச் சுரைக்கொடிக்கு ஊற்றினான். மறுநாளும் அப்படியே.

நாலைந்து நாள் போனதும் கஷாயம் வளர ஆரம்பித்தது. டம்ளர் சொம்பாயிற்று. ஒரு வேளை இரண்டு வேளையாயிற்று. சுடச்சுட வந்தது ஆறிப்போய் வந்தது. வாசனையோ, மூக்கை முழங்கையில் புதைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. வியாதி முற்றினால் மருந்தும் முற்றும் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

உள்ளே சிந்தினால் தரை வீணாகும், தோட்டத்தில் போய் நின்று குடியுங்கள் என்றாள் வெங்கடம்மா. அவனுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. சில நாள், "இங்க வடாம் காயுது, இன்னிக்கு முருங்கப் பக்கமா நில்லுங்க" என்பாள். முருங்கைப் பக்கமாக நிற்பான். சில நாள் டைனமைட் பெட்டிப் பக்கம். எங்கே நின்றால் என்ன, ஊற்றுகிறவனுக்கு எல்லா இடமும் ஒன்று தான்.

இருமலும் போய்விட்டது. என் உடம்பு இரும்பு, தானே சரியாகிவிட்டது என்று தீர்மானித்தான். ராத்திரிச் சாப்பாட்டில் ஏதோ ஒரு கீரையைக் கிள்ளிப் போட்டு ரசம் வைப்பாள். அதைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிப்பான். ருசி அப்படி. அது என்ன கீரை என்று மட்டும் அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

இருமல் தான் நின்றுவிட்டதே, கஷாயத்தையும் நிறுத்திவிடலாமா என்று ஒருதரம் மெல்லக் கேட்டுப் பார்த்தான். வெங்கடம்மாவின் முகம் வாடிப்போயிற்று. நிறுத்தினால் எல்லாம் பாழாகிவிடும் என்றாள். அன்றைக்குத் தான் ஏரிக்கரையிலிருந்து வந்த அவள் காலில் தைத்திருந்த முள்ளை அவன் ஊக்கால் எடுத்துவிட்டிருந்தான். இவ்வளவு பாடுபடுகிறவளிடம், உன் மருந்தை மண்ணில் கொட்டுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? என்ன ஆனாலும் ஆகட்டும், இது மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டான்.

மாரியம்மன் அந்த வேண்டுதலைப் பக்கத்து வீட்டு மேஸ்திரி முனிரத்தினம் மூலமாகச் சோதித்தாள்.

முனிரத்தினம் தான் காத்தவராயன் வேலை செய்யும் கும்பலுக்கு மேஸ்திரி. ஒருநாள் விடிகாலையில் காத்தவராயன் சொம்பைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போது, தட்டிக்கு மேலே மேஸ்திரியின் தலைப்பாகை எழும்பிற்று. அதற்குக் கீழே இரண்டு கண்.

"இன்னாடா காத்தவராயா, மருந்த மண்ணுல ஊத்துற?"

காத்தவராயன் சொம்பைப் பாதியில் நிமிர்த்தினான். வாய் தானாகவே ஒரு பொய்யைச் சொல்லிற்று. "நாம பூமாதேவி வயித்துக்குள்ள போறவங்க, மேஸ்திரி. மொதல் வாய் அவளுக்கு. மிச்சம் தான் எனக்கு."

மேஸ்திரி பக்திமான். இரண்டு கையையும் தூக்கித் தலைப்பாகைக்கு மேல் கும்பிட்டார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட்டடியில் கும்பல் முழுவதையும் கூட்டி, இத்தனை வருஷமாக நமக்கு இது தோன்றவில்லையே என்று அங்கலாய்த்தார். நாளையிலிருந்து காத்தவராயன் அந்தச் சொம்பை இங்கேயே கொண்டுவரட்டும், கீழே இறக்கும் கேஜில் ஏறுமுன் முதல் வாய் பூமாதேவிக்கு, பிறகு ஆளுக்கொரு வாய் என்று உத்தரவும் போட்டுவிட்டார். மேஸ்திரிக்கும் கொஞ்ச நாளாக இருமல்.

அந்த நாற்றத்தைக் கும்பலுக்குக் கொடுத்தால் தன்னைத் தலைகீழாகத் தான் ஷாப்ட்டில் இறக்குவார்கள் என்று காத்தவராயனுக்குத் தெரியும். ஆகவே மறுநாள், கஷாயத்தை வழக்கம்போல் செடிக்கு ஊற்றிவிட்டு, சொம்பைக் கழுவி, வழியில் ஏசுபாதம் கடையில் வெல்லம் போட்ட சுக்குத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போனான்.

ஒரு வாய் குடித்ததும் முனிரத்தினத்துக்குக் கண் மூடிக்கொண்டது. இன்னொரு வாய் கேட்டார். கும்பலில் பாதிப் பேருக்குச் சொம்பு எட்டவே இல்லை. ஒரு வாரம் இப்படிப் போயிற்று. கஷாயத்துக்கே இந்த ருசி என்றால் இவன் வீட்டுக் குழம்பு எப்படி இருக்கும் என்று பேச்சு கிளம்பிற்று.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் மேஸ்திரி அவன் தோளில் கை போட்டார். "ஒரு வாய் ரெண்டு வாய் எனக்குப் பத்தல. நாளிக்கு ஊட்டாண்ட வரேன். உன் பெண்டாட்டி கையாலயே ஒரு சொம்பு வாங்கிக் குடிச்சிட்டு, எப்படிக் காச்சுறதுன்னும் கேட்டுக்கிறேன்."

காத்தவராயனுக்கு அன்றைக்கு ரசம் கூட இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு யுக்தி செய்தான். குடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிறது, குழாயடிக்குப் போய்வா என்று வெங்கடம்மாவைக் கிளப்பிவிட்டான். அவள் அவனை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, கஷாயத்தைச் சொம்பில் ஊற்றிப் புழக்கடையில் தட்டு போட்டு மூடிவைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். காத்தவராயன் இன்னொரு சொம்பை எடுத்துக்கொண்டு ஏசுபாதம் கடைக்கு ஓடினான். சுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து மாற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது.

கடை பூட்டியிருந்தது. ஏசுபாதம் குடும்பத்தோடு மாதா கோயிலுக்குப் போய்விட்டிருந்தான். பூசை முடிய நேரமாகும் என்று அடுத்த கடைக்காரர் சொன்னார். வாரம் முழுக்கக் காப்பாற்றிய மனுஷன் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கர்த்தரிடம் போய்விட்டானே என்று நொந்துகொண்டு வெறுஞ்சொம்போடு ஓடிவந்தான்.

வந்து பார்த்தால் மேஸ்திரி புழக்கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தட்டு திறந்து கிடந்தது. ஒரு வாய் எடுத்திருக்கிறார். எடுத்ததைத் துப்பியும் இருக்கிறார். தலைப்பாகையின் முனையால் நாக்கை வழித்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னாடா இது? மாட்டுக் கொட்டாய் வாசன அடிக்குது. ஷாப்ட்டாண்ட குடுத்தது இது இல்லியே. உண்மையச் சொல்லு, நீ தெனம் குடிக்கிறது இதானா?"

அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் வெங்கடம்மாவின் குடம் தட்டியில் இடித்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் வந்துவிடுவாள். மேஸ்திரி இந்தக் கேள்வியை அவள் காதுபடக் கேட்டால் கதை கந்தலாகிவிடும். எடுத்துவிட்ட அந்த முள் அவன் கண் முன்னால் வந்தது.

"இதே தான் மேஸ்திரி" என்றான் காத்தவராயன். "நல்லாப் பாருங்க." சொம்பை எடுத்து அண்ணாந்து, கடகடவென்று அடி மண்டி வரைக்கும் குடித்துவிட்டான்.

குடித்தவன் சொம்பைக் கீழே வைக்கவில்லை. அது தானாகவே கையிலிருந்து விழுந்தது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று இறங்கிப்போய், இடம் பிடிக்காமல் திரும்பி வரப் பார்த்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். எதிரே குடமும் கையுமாக வெங்கடம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"முழுசுமா குடிச்சிட்டீங்க?" அவள் காலிச் சொம்பைப் பார்த்தாள். "ஐயோ, இன்னாத்துக்குங்க குடிச்சீங்க?"

"நீ காச்சுனதாச்சே" என்றான் காத்தவராயன், கிடைத்த மூச்சில். "உனக்காகத் தான்."

வெங்கடம்மா குடத்தை இறக்கினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. உள்ளே ஓடிப்போய் வெல்லமும் மோரும் கொண்டுவந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். மேஸ்திரி இருப்பதைக்கூடப் பார்க்காமல் அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இனிமே கஷாயமே வேணாங்க, என் ராசா" என்றாள்.

முனிரத்தினத்துக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. ஷாப்ட்டடியில் கொடுத்தது எது என்று கேட்க வந்ததையே மறந்துபோனார். பெண்டாட்டி மேல் உசுரை வைத்தவன் தான் இந்தச் சாக்கடையைத் தினம் இரண்டு வேளை குடிக்க முடியும், இந்த ஜென்மத்தில் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, அவரும் ஒரு கட்டி வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தட்டியோரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காத்தவராயன் மோரைக் குடித்துவிட்டுக் காலை நீட்டினான். வயிறு எரிந்தது, மனசு குளிர்ந்திருந்தது. இத்தனை மாதமாகச் சொன்ன பொய்யெல்லாம் ஒரே சொம்பில் நிஜமாகிவிட்டது. அவளுக்கும் தெரியவில்லை. இனி கஷாயமும் இல்லை. தலைக்கு மேலே சுரைக்கொடி கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தொங்கியது. முருங்கை பூத்திருந்தது. தூதுவளை மூன்று வீட்டுக்குப் போதும்படி தழைத்திருந்தது. இந்த லைனிலேயே இப்படிப்பட்ட தோட்டம் வேறு யாருக்கும் கிடையாது என்று அவனுக்கு அப்போது தான் உறைத்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் கொலுசுச் சத்தம் கேட்டது. மேஸ்திரியின் பெண்டாட்டி பார்வதம்மா. குழாயடியில் வெங்கடம்மாவுக்குக் கூட்டாளி. காத்தவராயனைக் கண்டாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். கூச்ச சுபாவம் என்று அவன் நினைத்திருந்தான். தட்டியோரம் ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் அவள் கண்ணில் படவில்லை. தட்டிக்கு மேலே ஒரு காலிச் சொம்பு மட்டும் நீண்டது.

"வெங்கடம்மா, பூச்சி அண்டாம இருக்க வேப்பிலையும் கோமியமும் கலந்து செடிக்குக் காச்சுவியே, அதுல எனக்கும் ஒரு சொம்பு குடு. தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துங்கன்னா எங்க ஊட்டுக்காரரும் அசைய மாட்டேங்கிறாரு. நாளிலேருந்து நானும் உன்னாட்டமே கஷாயம்னு சொல்லி அவரு கையில குடுத்துட்டு உள்ள போயிடப் போறேன்."