அண்ணன் அனுப்பிய பின்னல் சுருட்டு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகமாகத்தான் இருந்தோம், உங்கள் பெட்டி வந்து சேரும்வரை. அங்கே நீங்களும் அண்ணியும் சுகம்தானா என்று விசாரிப்பது சின்னவன் கடமை, விசாரித்துவிட்டேன். நமக்குள் பேச்சு நின்றுபோன பிறகு நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. சமாதானக் கடிதம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். இது புகார்க் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு மேனேஜர் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். எல்லாரும் வந்தார்கள், நீங்கள் மட்டும் வரவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், காற்று வருகிறதா என்று பார்த்தேன். அடுத்த வாரம் உங்கள் மகன் வந்து, அப்பா கொடுக்கச் சொன்னார் சித்தப்பா என்று ஒரு நீளமான மரப்பெட்டியைக் கையில் திணித்துவிட்டு, வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்று காபி கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சுருட்டு. சுருட்டு என்றால் நேராக இருக்கும் என்பது பீடியைக்கூடத் தொட்டறியாத எனக்கே தெரியும். இது மூன்றாகச் சேர்ந்து, ஒன்றை ஒன்று முறுக்கிப் பின்னி, இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டி, பட்டுத்துணியில் படுத்திருக்கிறது. கூட ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறீர்களா என்றால் அதுவும் இல்லை. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் குணம் மாதிரியே இருக்கு, நேரா ஒரு இடம் கிடையாது" என்றாள். சொன்னது அவள். நான் சிரிக்க மட்டும் செய்தேன்.

திருப்பி அனுப்பலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அனுப்பினால், கொடுத்ததை மதிக்கத் தெரியாத பயல் என்று அண்ணியிடம் மூக்கால் அழுவீர்கள். அதனால் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டி, நேற்றுக் காலை பால்கனியில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிரித்துத்தான் பிடிக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? லிஃப்ட் கயிற்றின் முறுக்கை எக்காரணம் கொண்டும் பிரிக்காதே, பிரித்தால் கயிறு செத்தது என்று மெஷின் ரூமில் நின்று தொண்டை கிழியக் கத்தியது யார்? நீங்கள்தானே? அந்தப் பயத்தில் நான் ரிப்பனைக்கூடத் தொடவில்லை. கட்டிங் ப்ளையரை எடுத்து ஒரு பக்கத்து நுனிகளை நறுக்கினேன், வாயில் வைத்தேன். எங்கே வைப்பது? மூன்று நுனியும் மூன்று திசை பார்க்கிறது. ஒன்று உள்ளே போனால் இன்னொன்று மூக்கைத் தேடி வருகிறது. எதிர்ப்பக்கம் நெருப்பு வைத்தால் ஒன்று பற்றும், அடுத்ததற்குப் போவதற்குள் முதலில் வைத்தது அணைந்து தொலையும். தீப்பெட்டி தீர்ந்து, அடுப்படி லைட்டரைக் கேட்டபோது வீட்டுக்காரி நின்று நிதானமாகப் பார்த்தாள். "ஒரு வாய்க்கு மூணு எதுக்கு? ஊரைக் கூப்பிட்டு விருந்து வெக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, துவைத்த துணிகளையெல்லாம் கொடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு வழியாக மூன்றும் பற்றியது. புதுசாகப் பிடிக்கிறவன் புகையை வாயோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம், நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாதாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நான் மூன்று சுருட்டின் புகையையும் ஒரே மூச்சில் குடல்வரை இழுத்துவிட்டேன். நாம் மூன்று பேரும் வேலை பார்த்த பழைய கட்டடத்தில் லிஃப்ட் மோட்டார் எரிந்த அன்று மெஷின் ரூம் எப்படி இருந்தது, அது அப்படியே என் நெஞ்சுக்குள் நடந்தது. கண்ணில் தண்ணீர், காதில் இரைச்சல், தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாற்காலி என்னை மடக்கப் பார்த்தது. ஆனாலும் அண்ணா, இருமி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, சும்மா காற்றில் மிதந்த புகை மூக்கில் பட்டது பாருங்கள், அப்போது ஒரு கணம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த வாசனை எனக்குத் தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை.

யோசிக்க விட்டால்தானே. பால்கனியில் புகை மூட்டத்தைப் பார்த்த வாட்ச்மேன், வீடு பற்றிக்கொண்டது என்று தீ மணியை அழுத்திவிட்டான். தீ மணி அடித்தால் லிஃப்ட் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகிற இடத்துக்குப் போகாமல் நேரே தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு நிற்கும். அப்போது அதற்குள் இருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் அக்கா. கையில் காய்கறிப் பையோடு எங்கள் தளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டவளை லிஃப்ட் மறுபடி கீழே கொண்டுபோய் இறக்கிவிட்டது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, படிக்கு ஒருதரம் யாரையோ திட்டிக்கொண்டே ஏறி வந்தாள். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ஓட்டிச் சம்பாதித்தவள், லிஃப்ட் தன்னைக் கேட்காமல் கீழே போவதைப் பொறுத்துக்கொள்வாளா? "என் லிஃப்டை இறக்கினது எவன்டா?" என்று பால்கனிக்கு வந்தவள், என் வாயைப் பார்த்தாள். நான் எடுப்பதற்குள் அவளே பிடுங்கிவிட்டாள்.

பிடுங்கியதைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அறிவு கெட்டவனே, இது சடைப் பின்னல்டா. பின்னலோடயா வாயில வெப்பே?" என்று ரிப்பனை உருவி, நறுக்கிய பக்கத்திலிருந்து விரலை விட்டுச் சரசரவென்று பிரித்துவிட்டாள். மூன்று தனித்தனிச் சுருட்டு. பிரித்த பிறகும் ஒன்றும் நேராகவில்லை. ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் இடம் விட்டு வளைந்தது வளைந்தபடியே கிடந்தது. அதற்குள் வீட்டுக்காரி உங்கள் மகனுக்குப் போன் போட்டு, என்னடா அனுப்பி வைத்தார் உங்கள் அப்பா, உன் சித்தப்பாவைக் கொல்லவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அவன் சொன்னதை நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். "சித்தி, அது பிரிச்சு மூணு பேர் ஆளுக்கு ஒண்ணா பிடிக்கிறது. அப்பா கடை கடையா ஏறி இறங்கி, மூணு பேருக்கு ஒண்ணா இருக்கணும்னு கேட்டுத்தான் வாங்கினார்."

தீ மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அக்கா, நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டு, பெரிய முதலாளி ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். அப்போதுதான் அந்த வாசனை எனக்குப் பிடிபட்டது. பழைய கட்டடத்துக் கம்பிக் கதவு லிஃப்டில் தினமும் சுருட்டோடு ஏறுவாரே அந்த மனிதர். நீங்கள் உச்சியில் மெஷின் ரூமில், நான் அடியில் லிஃப்ட் வந்து இறங்கும் பள்ளத்தில், அக்கா நடுவில் லிஃப்டை ஓட்டும் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக. புகை மேலேதானே ஏறும்? உங்களுக்கு வாசனை, அக்காவுக்கு இருமல், எனக்குச் சாம்பல். அவர் இறங்கிப் போனதும் நீங்கள் மேலிருந்து கத்துவீர்களாம், ஒருநாள் நாமளும் இது மாதிரி ஒண்ணு, மூணு பேரும், என்று. நான் மறந்தே போனேன். அக்கா மறக்கவில்லை. நீங்களும் மறக்கவில்லை போலிருக்கிறது.

நாம் சண்டை போட்டால் அக்காதானே உங்கள் திட்டை என்னிடமும் என் திட்டை உங்களிடமும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போவாள்? பாதி வழியிலேயே அவள் நல்ல வார்த்தையாக மாற்றிவிடுவாள் என்று பின்னால்தான் தெரிந்தது. பசி எடுத்தால் நான் ஸ்பேனரால் லிஃப்ட் ஓடும் தண்டவாளக் கம்பியில் மூன்று தட்டு தட்டுவேன், கீழே இறங்கி வா என்று அர்த்தம். நீங்கள் ஒருநாளும் பதிலுக்குத் தட்டியதில்லை. இறங்கி வராமல் இருந்ததும் இல்லை.

இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்த லிஃப்டைக் கழற்றிய அன்று பித்தளைக் கைப்பிடி அக்காவுக்குத்தான் சேர வேண்டும் என்று சொன்னேன். நீங்கள் அதைக் கொண்டுபோய் உங்கள் குளியலறைக் கதவில் மாட்டினீர்கள். அதைக் கேட்டதற்கு, பள்ளத்தில் கிடந்தவனுக்கு என்ன தெரியும் என்று, நம் பேச்சே நின்றுபோகும்படி என்னைச் சொன்னீர்கள். அதை ஒரு சுருட்டால் ஊதிவிட முடியாது. எனவே மிச்சம் இருக்கும் மூன்றையும் பெட்டியில் வைத்து உங்கள் மகனிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இங்கே வர வேண்டியதில்லை, நானும் அங்கே வருவதாக இல்லை. அவரவர் தளத்தில் அவரவர் இருப்போம்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். உங்கள் மகனுக்கு என் ஆசீர்வாதம், இனி வண்டியை ஒழுங்கான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடவும்.

இப்படிக்கு,
தங்கள் கோபம் தணியாத தம்பி

பி.கு.: மேலே கண்டபடி மூன்றையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. இதை எழுதி முடித்து உறையைத் தேடுவதற்குள், நேற்றிலிருந்து இங்கேயே தங்கிவிட்ட அக்கா ஒன்றைப் பற்றவைத்துவிட்டாள். அன்று லிஃப்டில் முதலாளியின் புகைக்கு இருமின மாதிரியே இருமுகிறாள், ஆனால் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். கைப்பிடி விஷயத்தை அவளிடம் கேட்டேன். அதைத் திருகித் திருகித்தான் மணிக்கட்டே போச்சு, அதை எவன்டா வீட்டுல வெச்சுக்குவான், நானே அவன்கிட்ட எடுத்துட்டுப் போன்னு சொன்னேன் என்கிறாள். இதை அன்றைக்கே உங்கள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். என்னுடையதை நானும் பற்றவைத்துவிட்டேன், இந்தத் தடவை வாயோடு நிறுத்தினேன், நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுடையது பெட்டிக்குள் வளைந்துகொண்டு தனியாகக் கிடக்கிறது. பால்கனிக் கம்பியில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.