விஜிக்குட்டி எந்த மாட்யூல்?

சோம்பேறி காதலிக்கக் கூடாது. காதலித்தே தீர வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் தெரிந்தவனாக இருக்கக் கூடாது. நான் இரண்டுமாக இருந்தேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். மராத்தி பேசும் ஊர். அதில் ஹிஞ்சேவாடி என்ற பேட்டையில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை, கோந்த்வாவில் ஜாகை. அதே ஊரின் நிக்டியில் பல காலமாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் விஜியை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். சம்பந்தம் பேசி முடித்தவர் அவள் அண்ணன் மோகன். என் டீமிலேயே எனக்கு சீனியர். (கத்தியைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.)

கல்யாணம் வரை வெளியே சந்திப்பு கிடையாது, ஈமெயில் மட்டும் போடலாம் என்பது வீட்டு உத்தரவு. விஜி பக்கம் பக்கமாக எழுதுவாள். நான் கடைசி வரை இறங்கிப் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று பதில் போடுவேன். “பேங்க்ல முத்திரை குத்தற மாதிரி இருக்கு” என்று ஒருநாள் எழுதிவிட்டாள்.

நான் திருந்தியிருக்கலாம். அதற்குப் பதில் எடிட்டரைத் திருத்தினேன்.

ப்ரோகிராம், கடிதம் எல்லாம் நான் அடிப்பது எடிட்டர் என்கிற ஒரே சாஃப்ட்வேரில். அது திறக்கும்போது முதலில் எல்லோருக்கும் பொதுவான செட்டிங்ஸைப் படிக்கும். பிறகு, லாகின் செய்தவரின் சொந்த ஃபைலைப் படித்து, அதன்படி மாறிக்கொள்ளும். என் ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன். இனி நான் ‘ஓகே’ என்று அடித்தால், அந்த இடத்தில் ‘சரிடா விஜிக்குட்டி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் வந்து விழும். விஜி உருகிப்போனாள். நான் விஞ்ஞானியானேன்.

பிறகு டெஸ்டிங் மெஷினில் வேலை வந்தது. அங்கே எடிட்டரில் நான் பழகிய கலர்களும் வரி எண்களும் இல்லாமல் வேலை ஓடவில்லை. என் ஃபைலை அங்கேயும் காப்பி செய்து வைத்தேன். என் ஃபைல், எனக்கு மட்டும்தானே? அந்த மெஷினில் டீம் மொத்தத்துக்கும் ஒரே லாகின். யார் உள்ளே வந்தாலும் எடிட்டர் என் ஃபைலைத்தான் படிக்கும் என்பது இந்த விஞ்ஞானிக்கு உறைக்கவில்லை.

வெளிநாட்டு கிளையன்ட் எங்கள் ப்ரோகிராமை ஏற்றுக் கையெழுத்துப் போட வந்த நாள். அது கிடைத்தால்தான் என் வேலை நிரந்தரம். மேனேஜர் தேஷ்முக் சார் ப்ரொஜெக்டரில் எடிட்டரைத் திறந்து, ப்ரோகிராமின் ஒவ்வொரு பகுதியையும், அதாவது மாட்யூலையும், சோதித்து முடிவை அடித்துக்கொண்டே போனார். லாகின் ஓகே. பிரிண்டிங் ஓகே. ரிப்போர்ட் ஓகே. இரண்டே விரல், பார்வை கீபோர்டில். அவர் நிமிர்ந்தபோது சுவர் முழுக்க விஜிக்குட்டி.

“அரே, யே க்யா ஹை?” என்று அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி விஜிக்குட்டி. “வைரஸ் ஆலா கா?” என்றார், வைரஸ் வந்துவிட்டதோ என்று பயந்துபோய்.

கிளையன்ட் சிரிக்காத மனிதர். பேனாவை எடுத்தார். “விஜிக்குட்டி எந்த மாட்யூல்?”

அந்த அறையில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். மோகன் சுவரை முழுதாகப் படித்தார். பிறகு என்னைப் படித்தார். நான் மேஜைக்கடியில் பேனாவைத் தேடினேன். (விழவே இல்லை.)

“டெஸ்ட் யூசர் பேர், சார்” என்றார் மோகன் நிதானமாக.

கிளையன்ட் அதை எழுதிக்கொண்டு கையெழுத்தும் போட்டார். கிளம்பும்போது, எல்லாவற்றையும் சோதித்த விஜிக்குட்டிக்குத் தன் நன்றியைச் சொல்லச் சொன்னார்.

வராந்தாவில் மோகன் பிடித்துக்கொண்டார். “மாப்ளே, எங்க வீட்டுக்கு வர்ற லெட்டரெல்லாம் இந்த மெஷின்தான் எழுதறதா?”

“இல்ல மச்சான்... பாதி நான்.”

“எந்தப் பாதி?”

மறுநாள் விஜியிடமிருந்து மெயில் வந்தது. அதில் ஒரே வார்த்தை: ஓகே.

அந்த வரியை அழித்தேன். ஒரு மாதம் கையால் கடிதம் எழுதி விரல் வீங்கிப்போயிற்று. கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை நான் கொஞ்சம் இனிப்பாகப் பேசினால் விஜி சந்தேகமாகத்தான் பார்ப்பாள். போன தீபாவளிக்குப் புதுப்புடவையில் வந்து நின்றவளிடம், “ரொம்ப நல்லா இருக்கு” என்றேன்.

“நெஜமாவா சொல்றேள்?”

“சத்தியமா. யோசிக்கக்கூட இல்ல, தானா வந்துது.”

சாப்பிட வந்திருந்த மோகன் தட்டைக் கீழே வைத்தார். “அத அன்னிக்கே சுவத்துல பாத்தோமே, மாப்ளே.”