மொட்டை, சந்தனம், மஞ்சள் துணி

தெளிவாக எழுதாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஓடுகிற புரோகிராமைப் பாதியில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க டீபக்கர் என்று ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளர் ஆர்டரும் அதில் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லும். எங்கள் அலுவலகத்துக் கிஷோர் எழுதியதில் அத்தனை ஆர்டரும் 'ஆர்டர், நிலுவை' என்றே நின்றன. (எது யாருடையது? அவனுக்கே தெரியாது.)

ஆடிக் கிருத்திகையன்று, திருத்தணி மலைமேல் மகளுக்கு மொட்டை போட்ட கையோடு, அவனைப் போனில் பிடித்தேன்.

"எல்லாத்துக்கும் பொதுவா இருக்கிறதை எழுதி என்னப்பா பிரயோஜனம்? இதை மட்டும் தனியாக் காட்டுறது எதுவோ, அதை எழுது!"

கத்திக்கொண்டே திரும்பினேன். மகளுடைய தண்ணீர் பாட்டில் என் கையில் இருந்தது. அவள் இல்லை.

உதவி மையத்துக்கு ஓடினேன். மைக் வைத்திருந்த தொண்டர் நிதானமாகக் கேட்டார். (அந்த நிதானத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

"அடையாளம் சொல்லுங்க சார்."

"மொட்டை! தலை நிறைய சந்தனம்! மஞ்சள் துணி!"

"சார், கொஞ்சம் பின்னாடி பாருங்க."

பார்த்தேன். காவடிகளுக்கு நடுவே, கண்ணுக்கு எட்டியவரை மொட்டை, சந்தனம், மஞ்சள் துணி.

"அதெல்லாம் தெரியாது, அறிவிங்க!" என்று அலறினேன். அறிவித்தார். சற்று நேரத்தில் இரண்டு பையன்களும், அம்மையார்குப்பத்துப் பெரியவர் ஒருவரும் என் முன்னால் நிறுத்தப்பட்டார்கள்.

"சாமி கும்புட நின்னுகினு இருந்தவனை இஸ்துகினு வந்துட்டானுங்க. யாருய்யா நீ?" என்றார் பெரியவர்.

"நான் தேடுறது என் பொண்ணை! ஆறு வயசு!"

"பொண்ணுன்னு இப்பதானே சொல்றீங்க?" என்றார் தொண்டர்.

என்ன திமிர்! பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் படிக்கட்டுப் பக்கத்து ஒலிபெருக்கி முழங்கியது.

"யாழினின்ற ஆறு வயசுப் பாப்பா அவங்க அப்பாவைத் தேடிக்கினு இருக்குது. அப்பா பேரு சேகர். சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருப்பாராம். காதுல போனை வெச்சிக்கினு கிஷோர்னு யாரையோ திட்டிகினே இருப்பாராம். பாத்தவங்க இட்டுகினு வாங்க."

பெரியவர் என் சட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கையைக் கெட்டியாகப் பிடித்தார்.

"நீதான். நட."

யாழினி பஞ்சாமிர்தம் நக்கிக்கொண்டிருந்தாள். "எங்கேப்பா காணாப் போயிட்டே?" என்று என்னையே அதட்டினாள். கட்டிக்கொண்டு அழுதேன். இன்றுவரை கூட்டத்தைப் பார்த்தால் வலிக்கிறது என்று அவள் கத்தும்வரை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறேன். வீட்டில் இன்னும் 'காணாமல் போனவர்' நான்தான்.

போனைத்தான் நான் துண்டிக்கவே இல்லை. கிஷோர் முழுவதையும் கேட்டிருக்கிறான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, டீபக்கரில் ஒரு ஆர்டர் தன்னை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு அவன் காட்டும் முதல் உதாரணம் என்னைத் தேடிய அந்த அறிவிப்புதான், பித்தான் உட்பட. எடுத்துவிடு என்று எத்தனையோ முறை சண்டை போட்டாயிற்று.

"தெளிவா இருக்கே சார்," என்கிறான்.