சோலைச்சாமி பணிந்துபோன கதை

“என் தம்பி மடியில உக்காராம எம் மக காதுல ஊசி ஏறாது. போயி மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வாங்க!” என்று சொல்லிவிட்டு, சோலைச்சாமியின் பெண்டாட்டி பாலம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

காதுகுத்து கழுகுமலைக் கோயிலில். அங்கே போகக் காலையில் ஒரே பஸ். அது வருவதற்குள் சோலைச்சாமி தலை குனிய வேண்டும். அவர் கழுத்துக்கு அது பழக்கமே கிடையாது.

போன தை மாதம் மச்சினன் மாடக்கண்ணுவின் கிடாய் இவர் பருத்தியில் மேய்ந்தது. இழுத்துக்கொண்டுபோய், பயிரை மேயும் ஆடுமாடுகளை அடைக்கும் பவுண்டில் அடைத்துவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு மச்சினன் வீட்டு வாசலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மாடக்கண்ணு வெள்ளை வேட்டி சட்டையில், தலையில் எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு மஞ்சப்பை.

‘இவன் காலங்காத்தால குளிக்கிற ஆளா? கோர்ட்டுக்குத்தான் கிளம்பியிருக்கான். பையில இருக்கது கேஸ் கட்டு!’

“வாங்க அத்தான்” என்று சிரித்தபடி எழுந்தான் மாடக்கண்ணு.

மரியாதை வேறா! அப்படியானால் கோர்ட்டேதான். சோலைச்சாமி முந்திக்கொண்டார்.

“மாப்ளே, நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னய மன்னிச்சிட்டேன்.”

மாடக்கண்ணுவின் சிரிப்பு பாதியில் நின்றது. “யாரு, யார மன்னிக்குதது? என் கிடாயப் பட்டினி போட்டதும் நீங்க, மன்னிக்குததும் நீங்களா?”

“கோவிக்காத. தப்பு எம்மேலதான். அது களவாணிக் கிடாய்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் வேலி போடாம விட்டேம்லா!”

“ஏட்டி வள்ளி! நம்ம கிடாயக் களவாணிங்காவ, கேட்டியா?”

அவன் பெண்டாட்டி வள்ளித்தாய் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். “பஸ்ஸு வந்துட்டு, ஆரன் கேக்குது. சண்டய மத்தியானத்துக்கு வச்சுக்கிடுங்க!”

சோலைச்சாமி அவசரமாகப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். “இந்தா மாப்ளே, கோவில்பட்டி மிட்டாயி. கடி! கோவம் போயிரும்.”

“கடவாப்பல்லப் பிடுங்கிட்டு வந்து கெடக்குதேன். வேணும்னே குத்திக்காட்டுதீயளா?”

ஆரன் விடாமல் அலறியது. சோலைச்சாமிக்கு வேர்த்துக் கொட்டியது. பஸ் போனால் முகூர்த்தம் போச்சு. முகூர்த்தம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. துண்டை இடுப்பில் கட்டினார். கண்ணை மூடினார். நெடுஞ்சாண்கிடையாக மச்சினன் காலில் விழுந்தே விட்டார்.

“ஐயையோ! மூத்தவரு கால்ல விழுந்தா என் ஆயுசு என்னத்துக்காகும்? எந்திரிங்க!” என்று பதறிய மாடக்கண்ணு, பாவத்தைக் கழிக்கத் தானும் அவர் காலில் விழுந்தான். அவன் விழ, இவர் எழ, மண்டையும் மண்டையும் மோதி ‘ணங்’கென்றது.

வள்ளித்தாய் இடுப்பில் கை வைத்தாள். “ரெண்டு கிடாயும் முட்டியாச்சா? இனி பவுண்டுல அடைக்கவா, பஸ்ஸுல அடைக்கவா?”

மாடக்கண்ணு நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டான். சோலைச்சாமி அவன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

“வாயில்லாச் சீவனப் பட்டினி போட்டது தப்புதான், மாப்ளே.”

“விடுங்க அத்தான். மேஞ்சதும் தப்புதான்.”

மூவரும் புழுதி பறக்க ஓடினார்கள். பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே சனங்கள் வைதுகொண்டிருந்தார்கள். பாலம்மாள்தான் மல்லுக்கட்டி நிறுத்தியிருக்கிறாள் என்று சோலைச்சாமி நினைத்துக்கொண்டார். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆனந்தக் கண்ணீர், வேறென்ன!

அவருக்கு நெற்றியைவிட நெஞ்சுதான் அதிகம் வீங்கியிருந்தது.

“பாத்தீயளா! பணிஞ்சு போனா எவனும் வழிக்கு வந்துருவான். நான் மட்டும் இன்னைக்குப் போகலன்னா இவன் வந்திருப்பானா?” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார்.

“ஏன் மாடக்கண்ணு அண்ணாச்சி, ‘மருமகளுக்குக் காதுகுத்து, மாமன் நான் இல்லாம நடக்குமா, நான் ஏறாம பஸ்ஸ எடுத்துராதீரு’ன்னு நேத்தே சொல்லி முன்சீட்டுல துண்டப் போட்டுட்டுப் போனீயளே, இம்புட்டு நேரமா உங்கள வீட்டுல பிடிச்சு வச்சிருந்தது எந்தப் பய?”