ஐஸ் மால்ட் விஷயமாக மைத்துனருக்கு

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யாவரும் என்றால் இந்த வீட்டில் இரண்டு பேர், அதில் ஒருவர் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், நான் கத்துகிறேன், கட்டிலில் படுத்தபடி அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடிதத்தில் அந்த வம்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டுவந்து அக்காவை உங்கள் வீட்டுக்கே கூட்டிப்போகப் போவதாகச் சொன்னீர்களே, அது வேண்டாம். "உங்களுக்குப் பால் காய்ச்சத் தெரியுமா மாமா, அவளை எப்படிப் பார்த்துப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டீர்கள். அது எனக்கு உள்ளே போய்க் குத்திவிட்டது. பால் மட்டும் இல்லை, நான் இப்போது ஐஸ் போட்ட சாக்லேட் மால்ட்டே தயாரிக்கிறேன் என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

தொண்டைப் புற்றுக்கு ரேடியேஷன் கரண்ட் வைத்து முடித்ததிலிருந்து அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கஞ்சி என்றாலும் தலையைத் திருப்புகிறாள், தண்ணீர் என்றாலும் கண்ணில் நீர் வருகிறது. டாக்டர் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, வாய்வழியாக ஏதாவது போகணும், திங்கட்கிழமைக்குள் போகவில்லை என்றால் வயிற்றில் ஓட்டை போட்டு டியூப் வைத்துவிடலாம் என்றார், ஏதோ சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி. அன்றைக்கு வெளியே வரும்போது எதிர்க்கடையைப் பார்த்து உங்கள் அக்கா வாயைத் திறந்தாள். "அந்த ஐஸ் மால்ட் குடிக்கலாம் போல இருக்குங்க" என்றாள். எத்தனை நாள் கழித்து ஒன்று கேட்டிருக்கிறாள்! ஓடிப்போய் டாக்டரைக் கேட்டால், தாராளமா குடிக்கட்டும், ஜில்லுன்னு இருந்தா வலி தெரியாது, ஆனா கடை ஐஸ் கூடவே கூடாது, வீட்டிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சரி, என்ன பெரிய கம்பசூத்திரமா என்று இறங்கினேன். ஐஸ் உறைகிற வரைக்கும் காத்திருந்து, பிரிட்ஜில் இருந்த பாலை எடுத்து அதில் மால்ட் பவுடரைக் கொட்டினேன். அது மேலேயே மிதந்தது. கரண்டியால் அமுக்கினேன், அடியில் போய் உருண்டை உருண்டையாக உட்கார்ந்துகொண்டது. விட்டேனா பார் என்று ஐஸையும் அதையும் மிக்ஸியில் போட்டு மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு திருகினேன். கல் உடைக்கிற சத்தம் வந்ததும் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன், அதுதான் தப்பு. அந்தச் சமையல்கட்டுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் வெள்ளை அடித்தவன் நான்தான். மூன்றாவது கோட்டும் நானே அடித்தேன், கூரை உட்பட, ஒரே நொடியில். உள்ளேயிருந்து, "என்னங்க, உயிரோட இருக்கீங்களா?" என்று குரல் வந்தது. இருக்கேன் என்றேன். "அப்ப சரி" என்றாள். அவளுக்கு இருக்கிற குரலில் அதைச் சொல்வதே பெரிய பாடு, ஆனாலும் நக்கலை விடமாட்டேன் என்கிறாள்.

இன்னொரு தட்டு ஐஸ் ஃப்ரீஸருக்குள் இருந்தது. அது அடியோடு பனியில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. இழுத்தேன், தட்டினேன், கெஞ்சாத குறை. கடைசியில் என் பழைய பட்டித் தகட்டைத் தேடி எடுத்து, சுவரில் பழைய பெயின்ட் சுரண்டுகிற மாதிரி இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம். தட்டு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பார்த்தால் பிரிட்ஜின் உயிர் போய்விட்டது. மெக்கானிக் வந்து கேஸ் போன ஓட்டையைப் பார்த்துவிட்டு, இதைச் செஞ்சது யாரு சார் என்று விசாரித்தார். வீட்டில் எலி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் போய் நின்றேன். அவர் மீன் வைக்கிற இடத்தையெல்லாம் ஒதுக்கித் துடைத்து, நான் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைத் தன் ஃப்ரீஸரில் வைத்துக்கொடுத்தார். நல்ல மனுஷி, ஆனால் ஒவ்வொரு தடவையும் அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்கிறார், நான் ஐஸ் தட்டை வாங்கிக்கொண்டு வேகமாக வந்துவிடுகிறேன்.

ஐஸ் உறைகிற நேரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதால் இனிப்பு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று வருஷக்கணக்காக அவள் போட்ட சட்டம். ருசி பார்க்க முடியாதவன் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். பெயின்ட் கடையில் காலம் பூராவும் கலர் கலக்கிக் கொடுத்தவன் நான். ஒருத்தர் தன் நாயைக் கூட்டிவந்து வாசல் கேட்டுக்கு இந்த நிறம் வேண்டும் என்றார், அதையே கொடுத்தேன். எனவே மருத்துவமனைக்கு எதிர்க்கடையிலிருந்து ஒரு கிளாஸ் மால்ட்டைச் சாம்பிளுக்கு வாங்கிவந்தேன். பஸ்ஸில் வருவதற்குள் ஐஸ் கரைந்து அது வெளுத்துப்போயிருந்தது, அது எனக்கு உறைக்கவில்லை. அந்த நிறத்துக்கே பவுடரைக் குறைத்துப் பாலில் கலக்கி, ஒரு அட்டையில் தடவி, ஃபேனுக்குக் கீழே காயவைத்துப் பார்த்தேன். சிவப்புப் போதவில்லை. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து நாலு சொட்டு விட்டேன். கொஞ்சம் கறுப்பு வேண்டியிருந்தது, காபி டிகாக்ஷன் விட்டேன். அப்பப்பா, சாம்பிளுக்கும் இதற்கும் கடுகளவு வித்தியாசம் கிடையாது மச்சான்! பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். கிளாஸையும் பார்த்தாள், என் கையிலிருந்த அட்டையையும் பார்த்தாள். "இது குடிக்கவா, கதவுக்கு அடிக்கவா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, உங்களிடம் சொல்வதற்கென்ன. ஏன் அழுறீங்க என்று கையைப் பிடித்தாள். அந்தக் கை இருக்கிற இருப்பை எழுத மாட்டேன். நீ ஒண்ணு கேட்டே, அதைக்கூட என்னால செய்ய முடியலையேன்னேன். அவள் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "பவுடரை முதல்ல சுடுதண்ணியில கரைங்க. கெட்டியா. அப்புறம் ஜில்லுனு பால். அப்புறம் ஐஸ்." இதை ஆரம்பத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி என்றேன். "சொல்லியிருந்தா எனக்கு எப்படிப் பொழுது போகும்?" என்றாள். இதுதான் உங்க அக்கா.

அவள் சொன்னபடியே செய்தேன். சுடுதண்ணீரில் பவுடர் சொன்ன பேச்சைக் கேட்டுக் கரைந்தது. சர்க்கரை போட்டு, டீச்சரம்மா வீட்டுப் பாலை ஊற்றி, ஐஸைத் துணியில் சுற்றிக் குழவியால் தட்டிப் போட்டு, மேலே கொஞ்சம் பவுடரும் தூவினேன். தலையணை வைத்து உட்காரவைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கொஞ்ச நேரத்தில் டம்ளர் காலி. அடியில் ஒரு சொட்டு இல்லை, நானே என் கையால் கழுவி வைத்தேன். ஆகவே, இனிமேல் கவலைக்கு இடமில்லை. டியூபும் வேண்டாம், காரும் வேண்டாம், என் வீட்டில் என் பெண்டாட்டியை நானே பார்த்துக்கொள்வேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக வீட்டில் ஓய்வெடுக்கவும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கச் சொல்லவும். உங்கள் பக்கம் பெயின்ட் டின் ஏற்றிப்போகும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: லாரி கிளம்ப இன்னும் நேரம் இருக்கு, அதனால இதையும் எழுதிடறேன். டம்ளர் காலியானது நிஜம். காலி பண்ணினது நான். அவ ரெண்டு வாய் குடிச்சா மச்சான், ரெண்டாவது வாய் இறங்காம துண்டுல வந்துடுச்சு. அப்புறம் டம்ளரை என் பக்கம் தள்ளி, "நீங்க குடிங்க, வீணாப் போகுது" ன்னா. எனக்குச் சர்க்கரைடின்னேன். "இன்னைக்கு ஒருநாள் நான் ஒண்ணும் சொல்லலை" ன்னா. நான் குடிக்கிறதையே பார்த்துக்கிட்டு இருந்தா. எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லா இருந்துச்சு, நிஜமாவே ரொம்ப நல்லா இருந்துச்சு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்க்காதீங்க, இதே லாரி சாயங்காலம் திரும்புதாம், ஏறி வந்துடுங்க. திங்கட்கிழமை டியூப் போடறதுக்கு என்கிட்டத்தான் கையெழுத்துக் கேட்பாங்க. நீங்க பக்கத்துல நின்னா போட்டுடுவேன்.