கட்டை உலகத்தில் மரம் வெட்ட அனுமதி

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. ராஜபாளையத்தில் தையல் சாமான் கடை வைத்திருக்கும் சாதிக் பாட்சா சொல்லக் கேட்டதுதான். ஒன்றை ஒன்றரையாகச் சொல்லக்கூடியவர் என்பது ஊருக்கே தெரியும். அதனால் நம்ப முடியாத இடங்களைக் குறித்துவைத்து, பிறகு மற்றவர்களிடம் விசாரித்தேன். நான் சந்தேகப்பட்டவை எல்லாம் நடந்திருந்தன. நம்பியவற்றில்தான் இரண்டொன்று பொய். அவற்றை நீக்கிவிட்டேன்.

பிள்ளைகள் செல்போனில் ஆடுகிற கட்டை விளையாட்டு ஒன்று இருக்கிறது. அந்த உலகத்தில் மண், மரம், மலை, மாடு எல்லாமே சதுரக் கட்டை. ஆள் வெறுங்கையோடு போய் இறங்க வேண்டும். மரத்தைக் கையால் அடித்து உடைத்து, அந்தக் கட்டையில் மேசை செய்து, கருவி செய்து, பொழுது சாய்வதற்குள் ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாவிட்டால் இருட்டியதும் பூதங்கள் வந்து கொன்றுவிடும்.

இதைப் பெற்றோரும் கற்றுக்கொண்டால் குடும்ப ஒற்றுமை பெருகும் என்று ஏதோ ஒரு கருத்தரங்கில் யாரோ பேசிவிட்டார்கள். பேசிய மூன்றாம் வாரம் ‘பெற்றோர் கட்டை விளையாட்டறிவு மேம்பாட்டு இயக்கம்’ பிறந்தது. அதற்கு ஒரு சின்னம், ஒரு ஒருங்கிணைப்பாளர், எட்டுக் கணினிகள்.

செட்டியார்பட்டி பாண்டிசெல்வி அதில் பெயர் கொடுத்ததற்குக் குடும்ப ஒற்றுமை காரணம் இல்லை. வீட்டுக்காரர் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ. வீட்டில் அவளும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் விஜியும்தான். மில்லில் எந்திரச் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால், வீட்டில் சத்தமே இல்லை. விஜி போனுக்குள் இருந்தாள்.

“ஏட்டி, உன் வீட்டைப் பாக்க நானும் வாரேண்டி.”

“எந்த வீட்டை?”

“அந்தா, போனுக்குள்ள கட்டி வச்சிருக்கியே, அதை.”

“ஒரு ராத்திரி தாங்க மாட்டம்மா. செத்துருவ.” விஜி கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “அந்தக் கிளாஸ்ல பாஸ் பண்ணிட்டு வா. கதவத் திறக்கேன்” என்றாள்.

நாலு மாதத்தில் மகள் தன்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான் என்று பாண்டிசெல்விக்குத் தோன்றியது. பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து கட்டிய அந்த உலகத்துக்குள் நுழைய ஒரு எண் வேண்டும். தேர்ச்சி பெற்ற பெற்றோருக்கு மட்டுமே அந்த எண் என்று இயக்கம் அறிவித்திருந்தது. மறுநாளே காலை ஷிப்டு முடிந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு. நாற்பது பெற்றோர், சாதிக் பாட்சாவும் அதில் ஒருவர். எட்டுக் கணினிகளும் சுவரோரம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தன. திறப்பு விழாவுக்குப் பெரியவர் ஒருவர் தேதி கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரை பெட்டியைப் பிரிப்பது மரபு அல்ல. ஆகவே பயிற்றுநர் சுமையா சாக்பீஸை எடுத்தாள். சின்ன வயதிலிருந்தே இந்த விளையாட்டில் ஊறியவள், தற்காலிகப் பணி. கரும்பலகையில் ஒரு மரம் வரைந்தாள்.

“மொத வேலை இதுதான். மரத்துக்கிட்டப் போய்க் கையால அடிக்கணும். கட்டை விழும்.”

பின்வரிசையில் ஒருங்கிணைப்பாளர் இசக்கிமுத்து எழுந்தார். “செத்த நில்லும்மா. எந்த மரம்?”

“எது பக்கத்துல இருக்கோ அது, சார்.”

“தேக்கா, வேம்பா?”

“கட்டை மரம் சார். நெசமான மரம் இல்ல.”

“பாடத்துல மரம்னு அச்சாயிருக்கா, இல்லையா?”

“ஆயிருக்கு சார்.”

“நாம எங்க உக்காந்திருக்கோம்? மேக்க மலை. மலையில அணில் சரணாலயம். அடிவாரத்துல நாப்பது பேரைக் கூட்டிவச்சு, மரத்தை அடிச்சு உடைங்கன்னு சொல்லிக்குடுக்கோம். நாளைக்கு எவனாவது ஒரு மனுவைத் தட்டிவிட்டா பதில் சொல்றது நீயா, நானா?”

சுமையா சாக்பீஸைக் கீழே வைத்தாள். இசக்கிமுத்து குரலைத் தணித்து, நியாயமாகவே சொன்னார்: “நடத்த வேண்டாம்னு சொல்லலை. வனத்துறை தடையின்மைச் சான்று வார வரைக்கும் மரத்தை நிறுத்தி வைங்க. மேசைக்குப் போங்க.”

“சார், மரம் இல்லாம மேசை எப்படி வரும்?” இது சாதிக் பாட்சா.

“மேசை கொள்முதல் இனம், பாய். அதுல சிக்கல் இல்ல.”

அன்று நாற்பது பேரும் மேசையை நோட்டில் வரைந்துகொண்டு வீடு திரும்பினார்கள்.

சான்று கேட்டுக் கடிதம் எழுதுவதில் ஒரு தாமதம் ஏற்பட்டது. மரம் எந்தச் சரகத்தில் நிற்கிறது என்று அதில் குறிப்பிட வேண்டுமே. அந்த உலகத்துக்கு எல்லையே கிடையாது, போகப் போக விரிந்துகொண்டே இருக்கும் என்றாள் சுமையா.

“எல்லை இல்லைன்னா இன்னும் சர்வே ஆகலைன்னு அர்த்தம்” என்றார் இசக்கிமுத்து. “சர்வே ஆகாத நிலத்துல ஒரு செடியைப் பிடுங்கக்கூட நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

கல் உடைக்கும் பாடம் வந்தது. கல் கனிமம் என்பதால் அதுவும் நின்றது. வீடு கட்டும் பாடத்தில் வரைபட அனுமதி வரை போய், வரைபடத்தில் கழிப்பறை இல்லை என்று அதோடு நின்றது. பாடநூலில் ‘முதல் இரவு’ என்று ஒரு தலைப்பு இருந்தது. பெண்கள் அமரும் இடத்தில் இது தகாது என்று, ‘தொடக்க நாளின் பின்னேர இருட்பொழுது’ எனத் திருத்தி ஒரு சுற்றறிக்கை வந்தது.

பூதங்களைப் பற்றிய பாடம் மட்டும் முழுதாக நடந்தது. பூதம் எந்தத் துறையின் கீழும் வரவில்லை. அது வருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எலும்புப் பூதம் எத்தனை அடியில் அம்பு விடும், பச்சைப் பூதம் எப்படிச் சத்தமில்லாமல் வந்து வெடிக்கும் என்று பாண்டிசெல்வி மில்லிலும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். சாவது எப்படி என்று நாற்பது பேருக்கும் மனப்பாடம். பிழைப்பது எப்படி என்பது பரிசீலனையில் இருந்தது.

ஒரு சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் சுமையா, பாண்டிசெல்வியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் போனை நீட்டினாள். திரையில் ஒரு மரம்.

“அழுத்திப் பிடிங்கக்கா. விட்றாதீங்க.”

பாண்டிசெல்வி கட்டைவிரலை வைத்தாள். மரத்தில் விரிசல் ஓடியது, பொட்டென்று ஒரு கட்டை விழுந்தது.

“இம்புட்டுத்தானா டீச்சர்?”

“இம்புட்டுத்தான்க்கா.”

இரண்டாவது கட்டை விழுவதற்குள் ராஜபாளையம் வந்து, இறங்க வேண்டியதாயிற்று.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. மாதிரி வினா விடையை அச்சடித்துக் கொடுத்தார்கள். பாண்டிசெல்வி அடுப்படியில் நின்று சத்தம்போட்டுப் படித்தாள். சத்தம் தாங்காமல் விஜி போனைக் கீழே வைத்தாள். பிறகு தாளைப் பிடுங்கி அவளே கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

“தொடக்க நாளில் பொழுது சாய்வதற்குள் செய்ய வேண்டியது யாது?”

“உரிய அலுவலரிடம் மனு அளித்து, ஆணை வரும்வரை அதே இடத்தில் காத்திருத்தல்.”

“நெசமாவா போட்டிருக்கு? இன்னொரு தடவ சொல்லு.”

விஜி கட்டிலில் உருண்டு சிரித்தாள். தோழிகளுக்குப் போன் போட்டு, அம்மாவைச் சொல்லவைத்துக் கேட்கவும் செய்தாள். அங்கேயும் இதே படிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதினோரு நாளும் தாயும் மகளும் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. இயக்கம் பெருக்குவதாகச் சொன்ன ஒற்றுமை உண்மையிலேயே கொஞ்சம் பெருகியது. அதை அறிக்கையில் எழுத யாருக்கும் தெரியவில்லை.

தேர்வு அன்று மூன்றாவதாக அந்தத் தொடக்க நாள் கேள்விதான் வந்தது. பாண்டிசெல்வி பேனாவை வைத்துவிட்டுக் கட்டைவிரலைப் பார்த்தாள். மரத்தை அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அடித்தும் பார்த்துவிட்டாள். அதை எழுதினால் மார்க் போகும், மார்க் போனால் எண் இல்லை, எண் இல்லாவிட்டால் விஜியின் கதவு இல்லை. கூடுதல் தாள் கொடுத்தபடி வந்த சுமையா அவள் மேசை அருகே நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுமையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பணி நீட்டிப்பு நூறு சதவீதத் தேர்ச்சியைப் பொறுத்து இருந்தது.

பாண்டிசெல்வி எழுதினாள்: உரிய அலுவலரிடம் மனு அளித்து.

நாற்பது பேரும் தேர்ச்சி. பெரியவர் தேதி கொடுத்தார். பெட்டிகள் பிரிக்கப்பட்டன, படம் எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு இருப்புப் பதிவேட்டின்படி கணினிகளைத் திரும்பப் பெட்டியில் வைத்துக் கட்டினார்கள். கையால் மரம் அடிக்கும் வன்முறையான போக்கை அறவே தவிர்த்துப் பயிற்சி அளித்ததற்காக இசக்கிமுத்துவுக்குச் சால்வை. சுமையாவுக்கு ஆறு மாத நீட்டிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாண்டிசெல்வி தன் போனில் எண்ணைப் போட்டு உள்ளே இறங்கினாள். எட்ட ஒரு வீடு. இரண்டு மாடி, கண்ணாடி ஜன்னல், வாசலில் பூச்செடி. தட்டுத்தடுமாறி நடந்து வாசல்வரை போனால், கதவுக்கு முன்னால் கட்டையால் ஒரு கவுண்டர். கம்பி போட்ட சின்னச் சன்னல். பக்கத்தில் ஒரு பலகை.

“ஏட்டி விஜி, வந்துட்டேன். கதவத் திற.”

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. “மனு குடுத்தியாம்மா?”

“எந்த மனுடி?”

“உள்ள வாரதுக்கு. எல்லாப் பிள்ளையளும் சேந்து இந்தச் சட்டம் வச்சிருக்கோம். அம்மா அப்பா யாரு வந்தாலும் மனு குடுத்துட்டு அதே இடத்துல நிக்கணும். நீதான சொல்லிக்குடுத்த.”

“போனுக்குள்ள பொழுது சாயுதுடி. பூதம் வந்துருமே.”

“பூதத்தைப் பத்தித்தான் உனக்கு எல்லாம் தெரியுமேம்மா.”

பாண்டிசெல்வியின் பக்கத்திலேயே ஒரு மரம் நின்றது. கையால் அடித்தால் கட்டை விழும் என்று தெரிந்தவள். அவள் அதைத் தொடவில்லை. அனுமதி வாங்கவில்லையே என்று மனதில் ஓடியதாகப் பிறகு சாதிக் பாட்சாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கடைசிப் பகுதியை நான் நம்பவில்லை. சுமையாவைத் தேடிப் போய் எண்ணைக் கேட்டு வாங்கி, நானே உள்ளே இறங்கிப் பார்த்தேன். கவுண்டர் இருக்கிறது. பலகையில் ‘அலுவலர் முகாம் சென்றுள்ளார்’ என்று எழுதியிருக்கிறது. சன்னலுக்குள் யாரும் இல்லை. வெளியே பதினொரு பெற்றோர், ஒருவர் பின் ஒருவராக, தள்ளுமுள்ளு இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். இதற்கு யாருக்கும் பயிற்சி தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. நான் பன்னிரண்டாவது ஆளாகப் போய் நின்றுகொண்டேன்.